வேலிக்கு என் பக்கம்

“மனசுல என்னமோ வெச்சுக்கிட்டு உருளைக்கிழங்கையே கிண்டிக்கிட்டிருக்கீங்க. சொல்லுங்கப்பா.”

“ஒண்ணுமில்லம்மா. சீஸ் கொஞ்சம் தூக்கல்.”

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் ஷாலீன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சு இது. ஞாயிறுதோறும் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. மற்ற நாட்களில் தனியாகச் சாப்பிட்டேன்.

அதிகாரி ஐயா, நான் கோபக்காரன் இல்லை. யூட்டா மாநிலத்தின் இந்த மலையடிவாரத்தில் என் வீடு மேலே, பாறையில் இருக்கிறது. கல்யாணமானதும் ஷாலீனும் மருமகன் டால்மேஜும் கட்டிய வீடு கீழே. நடுவில் ஒரு வேலி, சரிவு முழுக்க ஓக் புதர்.

அந்தப் புதரோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டி அலுத்துவிட்டேன். வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். எரித்தாலும் திரும்ப வந்து நிற்கும். தனித்தனிச் செடியாகத் தெரிவதெல்லாம் மண்ணுக்கடியில் ஒரே வேர். சரிவைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

அதனால் வெட்டிய கையோடு, ஈரம் காயாத அடிக்கட்டைகளில் களைக்கொல்லி பூசினேன். வேலிக்கு என் பக்கம் மட்டும்தான். அவர்கள் மண்ணில் நான் கால் வைக்கவில்லை. வேர் வழியே விஷம் தானாக இறங்கியது.

“மாமா, எங்க பக்கமும் காயுதே! மலைக்கும் உங்கள மாதிரியே வழுக்கை விழுது,” என்று டால்மேஜ் சிரித்தான்.

“வறட்சி, மாப்ள.”

நிழலில் படுக்க வரும் மான்கள் வரவில்லை. ஓக் கொட்டைகளைப் புதைத்து வைக்கும் நீலக் குருவிகளும் போய்விட்டன. குருவிகளின் வேலையை டால்மேஜ் எடுத்துக்கொண்டான். சட்டைப்பை நிறையக் கொட்டைகளோடு ஏறி, மொட்டைச் சரிவில் நடுவான். நல்ல பையன்.

அந்த வீடு மட்டும் பாழானால் போதும், அவள் என்னிடம் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பனி உருகிய ஒரு காலையில், சரிவின் குறுக்கே வெடிப்பு ஓடுவதை ஜன்னலில் பார்த்தேன். ஷாலீனுக்குப் போன் செய்து, முதுகு பிடித்துக்கொண்டது, உடனே வா என்றேன். ஓடி வந்தாள். டால்மேஜ் சரிவில் குனிந்து கொட்டை நட்டுக்கொண்டிருந்தான். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். நான் கொடுக்கவில்லை. மண் அவனையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது.

நேற்று இந்த ஸ்டேஷனில், உங்கள் முன்னால்தானே ஷாலீன் கேட்டாள்: “அன்னிக்கே வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேப்பா? நாங்க ரெண்டு பேருமே வந்திருப்போமே.”

நியாயமான கேள்வி. அதனால் நானும் ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“நீ மட்டும் வந்துடும்மா.”