பதினோராவது குரல்

ஆளை எண்ணும்போது எதையோ பாக்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு மாஸ்டர். கண்ணையா, காலையா, சரியா ஞாபகம் வரல. கம்பெனி பஸ் ஓட்டினவரு. ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் ஏறினதும் ஒரு தடவை திரும்பிப் பாத்து அதைச் சொல்லிட்டுத்தான் கியரப் போடுவாரு. நீங்க இப்படி வந்து நின்னதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். சரி பண்ணித் தர்றேன்னு எங்க மாப்பிள்ளை சொல்லிட்டே இருந்தாரு.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காரு. தங்கச்சி மருந்து வாங்கப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள கிளம்பிடுங்க, உங்களப் பாத்தா என்ன பேசுவான்னு எனக்கே தெரியாது.

தெரியும், நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. எனக்கும் லெட்டர் வந்திருக்கு. ஸ்கூல் பேர்ல பழைய மாணவங்களுக்கு மலையேத்தம், கூட்டிட்டுப் போனது பி.டி. மாஸ்டர், சரியா எண்ணாம ஒரு ஆளை அருவியிலயே விட்டுட்டு இறங்கினதும் அவரே. அப்படித்தான் போட்டிருக்கு. ரிடையராக எட்டு மாசம் இருக்கிறப்போ வேலைய விட்டு அனுப்புவாங்களான்னா, அனுப்புவாங்க. அவங்களுக்கும் கைகாட்ட ஒரு ஆள் வேணும்ல.

என்னது, காதையா? நீங்களாவே போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தீங்களா?

உங்க ஏற்பாட்டை நான் குறை சொல்லல மாஸ்டர். பன்னெண்டு பேரு, ஆளுக்கு ஒரு நம்பர். நீங்க முன்னாடி நின்னு விசில் ஊதினா ஒண்ணு, ரெண்டுன்னு பின்னாடி வரைக்கும் குரல் வரணும். வளைவுல ஆள் தெரியாது, குரல் வந்தாப் போதும்னீங்க. மாப்பிள்ளை பதினொண்ணு. நான் பன்னெண்டு, வாலு. பத்தொன்பது வருஷம் வெளிநாட்டுல கார்லயே போனவரு, மெதுவா வரட்டும்னு என்னை அங்க போட்டதே அவருதான். எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.

நல்ல மனுஷன்தான். யாரு இல்லைன்னா? நான் அங்க இருந்து பணம் அனுப்பினேன், எங்கப்பாவக் குளிப்பாட்டினது அவரு. திரும்பி வந்து ரெண்டு வருஷமாச்சு, இந்த வீட்ல எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு இன்னும் அவரைத்தான் கேக்கணும். எங்கப்பா கட்டின வீடு. மோட்டார் போடப் போனா, நீங்க இருங்க மச்சான், அதுக்கு ஒரு பக்குவம் இருக்குன்னுவாரு. அவரு சொல்றது சரியாவும் இருக்கும், அதான் எரிச்சல்.

அன்னிக்கு உச்சியில நல்ல வெயில். பாறையில உக்கார முடியல. சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சப்போ அவரு என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? விருந்தாளிக்கு முதல்ல குடுங்கப்பா, அவரு எப்ப வேணா கிளம்பிடுவாருன்னாரு. நீங்ககூட ரெண்டாவது பொட்டலத்தை என் மடியில வச்சீங்க. தப்பா எடுத்துக்கல மாஸ்டர், ஒரு வேடிக்கை. எனக்குத்தான் உள்ள இறங்கல.

அப்புறம் இறங்கி அருவிக்கு வந்தோம். எல்லாரும் குளிச்சு முடிச்சு வளைவைத் தாண்டி நிழலுக்குப் போயாச்சு. இவரு மட்டும் தண்ணிக்குப் பக்கத்துல ஒரு கல்லைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருக்காரு. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற கை அது, எதையும் லேசுல விடாது. வழி பூராவும் இப்படி நின்னு நின்னுதான் வந்தாரு, அவருக்காக நான் நின்னு நின்னு வந்தேன். வளைவுகிட்ட நான் இருந்தப்போ உங்க விசில் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சு பத்து வரைக்கும் வந்து நின்னுச்சு. அவருக்கு அந்தத் தண்ணிச் சத்தத்துல எதுவும் கேக்கல.

பதினொண்ணு கொஞ்சம் கட்டைக் குரல்ல சொன்னேன். பன்னெண்டு என் குரல்லயே சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. விழணும்னு யாரு நினைச்சா? ஒரு தடவை அவரு தேடிட்டு ஓடி வரட்டும், இந்தக் கூட்டத்துல கடைசி ஆளா இருந்தா எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியட்டும்னு தோணிச்சு, அவ்வளவுதான். பின்னாலயே வந்துருவாருன்னு நடந்துட்டேன். கீழ வேன்ல ஏறினப்போ டிரைவர்தான் பின்னாடி திரும்பி, என்ன சார், உங்களத் தவிர பதினொரு பேருதான் இருக்காங்கன்னாரு.

ஷூ நாடாகூட கட்டாம ஓடி வந்திருக்காரு. பாசி. இடுப்பெலும்பு ரெண்டா போச்சு. முதல்ல போய்ப் பாத்தது நான், தோள்ல போட்டுட்டு இறங்கினதும் நான். பாக்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்றாரு, மச்சான் இல்லைன்னா நான் அங்கயே போயிருப்பேன்னு. தங்கச்சி போன வாரம் வீட்டுச் சாவிக் கொத்தை மொத்தமா என் கையில குடுத்துட்டா. மோட்டார் இப்ப நான்தான் போடறேன். அதுல ஒரு பக்குவமும் இல்ல மாஸ்டர், பச்சை பட்டனை அழுத்தணும்.

மத்த பத்துப் பேரும் கேட்ட மாதிரி இருந்துச்சு, ஞாபகமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கடைசியா நின்னது நான், நான் சொல்றதுதான் நிக்கும். அதுக்குத்தான் வந்திருக்கீங்க, புரியுது. காது டாக்டர்கிட்டல்லாம் இனிமே போகாதீங்க. உங்க காதுல ஒரு குறையும் இல்ல. அதையாவது உங்ககிட்ட சொல்லிடணும்னு நினைச்சேன்.

கேட் சத்தம். தங்கச்சி வந்துட்டா. இப்படிப் பின்பக்கமாப் போயிடுங்க, அந்தக் கதவுச் சாவி என்கிட்டதான் இருக்கு.

நாளைக்கு விசாரணையில, பதினொண்ணுன்னு எந்தக் குரலும் எனக்குக் கேக்கலைன்னு சொல்லப் போறேன்.