மைக்கை ஒப்படைக்கும் அக்காவுக்கு

கருமேகம் கண்டால் கைவேலையைப் போட்டுவிட்டுக் கருவியின் முன் அமரும் கட்டுப்பாட்டாளரே! புயலிலும் பதறாத பொறுமையே! கண்ணால் கண்ட காற்றையும் மழையையும் வானிலை அலுவலகத்துக்குச் சொல்லும், ஒரே அலைவரிசையில் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் வானொலித் தொண்டர் குழுவின் அன்பு அக்கா அவர்களே!

இது தங்களுக்கு நாங்கள் நடத்தும் மூன்றாவது வழியனுப்பு விழா. முதல் இரண்டிலும் வானம் இருட்டியதும் எழுந்து மைக்கைப் பிடிக்கப் போய்விட்டீர்கள். வாழ்த்து மடலை வாசித்தவருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எங்களுக்கும் அலுத்துவிட்டது அக்கா. தங்களுக்கு அலுத்துப்போனது குரலிலேயே தெரிகிறது.

கருவி இருக்கும் மாடியறையிலிருந்து எங்களை ஒவ்வொருவராக மைக்கில் அழைப்பீர்கள். ஆலங்கட்டி கண்டவர் மட்டுமல்ல, எதையும் காணாதவரும் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லியாக வேண்டும். “பேசாம இருந்தா, அங்க ஒண்ணுமில்லையா, இல்ல ஆளே இல்லையான்னு நான் எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?” என்பீர்கள். அதற்குப் பயந்தே அடைமழையிலும் ஜன்னலைத் திறந்து பார்த்தோம்.

நம் குழுவின் தையற்காரர் தன் வீட்டு மைக்கின் மேல் உட்கார்ந்த நாளை யார் மறப்பார்? பேசும் பொத்தான் அமுங்கிக் கிடக்க, அலைவரிசை முழுவதும் தையல் இயந்திரச் சத்தம். சந்தையை நோக்கிச் சூறைக்காற்று வருவதைக் கண்ட நம் பேருந்து ஓட்டுநரின் குரல் யார் காதிலும் விழவில்லை. தாங்கள் தையற்காரரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். மணி அடித்தது எல்லாருக்கும் கேட்டது. “அக்காதான். எடுத்தா மழைக் கதைய ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று அவர் மனைவியிடம் சொன்னதும் கேட்டது. நனைந்துகொண்டே அவர் வீட்டுக்கு ஓடி, “தம்பி, கொஞ்சம் எந்திரிங்க” என்றீர்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. அவர் எழுந்ததும் ஓட்டுநரின் குரல் வந்தது. அதே மைக்கில் சந்தைப் பக்கத்துத் தொண்டர்களை எச்சரித்தீர்கள். சந்தை காலியான பிறகுதான் கூரை பறந்தது.

இத்தனை ஆண்டுகளில் தங்கள் கணவர் தனியே சாப்பிடப் பழகிவிட்டார். மகள் வீட்டுப் பயணம் மழைக்கு மழை தள்ளிப்போக, பேத்தியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். “நான் போயிட்டா யாரு உக்காருவா?” என்று கேட்டபோதெல்லாம் நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதை எழுதி முடிக்கையில் வடக்கே மேகம் கூடுகிறது. வாசிக்கும்போது தாங்கள் எழப் பார்ப்பீர்கள். வேண்டாம். மாடியறையில் தையற்காரர் உட்கார்ந்தாயிற்று, நாற்காலியில்தான். மைக்கை ஆணியில் மாட்டியிருக்கிறோம். எல்லாரையும் அழைத்துவிட்டுக் கடைசியாகத் தங்களை அழைப்பார். ஜன்னல் வழியே கண்டதைச் சொல்லுங்கள், போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நோயின்றி, நெடுநாள், நிம்மதியாகத் தூங்கி வாழுங்கள். நாளைக் காலை ரயிலுக்குப் பெட்டியை அடுக்குங்கள் அக்கா.

இப்படிக்கு,
இனியும் ஜன்னலைத் திறந்து பார்க்கும்
தங்கள் தொண்டர்கள்