ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல்

— இன்னொரு தடவை ஏறி நில்லுங்க தம்பி. செருப்பைக் கழட்டிட்டு.

— கழட்டிட்டேன் மேடம். எத்தனை தடவை ஏறினாலும் அதேதான் காட்டும்.

— அம்பத்தி ரெண்டு. போன மாசத்தைவிட மூணு கிலோ கம்மி. என்னதான் சாப்பிடுறீங்க?

— அவிச்ச காய், காஞ்ச ரொட்டி, முட்டையில வெள்ளைக்கரு. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. கடலை, பால் எதையும் தொடுறதில்ல. அவ்ளோதான்.

— எந்த மகராசன் சொன்னான் இப்படிச் சாப்பிடச் சொல்லி?

— நீங்கதான மேடம். கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, இப்படியே இருந்தா அண்ணனுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுக்க முடியாதுன்னீங்க.

— பொரிச்சதையும் இனிப்பையும் விடுங்கன்னேன். உலகத்தையே விடச் சொல்லலையே சாமி! அதுவும் மூணு மாசம் முன்னாடி. போன மாச ஸ்கேன்ல ஈரல் சுத்தமா இருந்துச்சு. இனிமே எல்லாம் அளவாச் சாப்பிடுங்கன்னு இந்த மேசையில வெச்சுத்தான எழுதிக் குடுத்தேன்?

— கொழுப்பே இல்லாம இருந்தா இன்னும் நல்லதுதான மேடம்?

— நீங்க லிஃப்ட் மெக்கானிக்குதான? எண்ணெயே காட்டாம லிஃப்டை ஓட விடுவீங்களா?

— விட்டா ஊரைக் கூட்டும்.

— உங்க உடம்பும் கூட்டுதே. கையைப் பாருங்க, வறண்டு வெடிச்சிருக்கு. கொஞ்சமாவது கொழுப்பு இருந்தாத்தான் சில சத்து உடம்புல சேரும். நேத்து லிஃப்ட் மேல நின்னு வேலை பார்த்தப்ப தலை சுத்திச்சாமே? உங்க அண்ணி சொன்னாங்க.

— அவங்களுக்கு வாய்ல எதுவும் நிக்காது.

— விளையாட்டில்ல தம்பி. வெட்டின ஈரல் திரும்ப வளரணும். அதுக்கு உடம்புல தெம்பு வேணாமா? இப்படியே தேஞ்சுட்டுப் போனா ஈரல் குடுக்கறவங்க லிஸ்ட்ல இருந்து டாக்டர் உங்க பேரை அடிச்சிடுவாரு. அண்ணன் ரொம்ப நாள் தாங்க மாட்டாரு, தெரியும்ல?

— எத்தனை கிலோ இறங்கினா அடிப்பாரு மேடம்?

— என்னது?

— இன்னும் ரெண்டு கிலோ போதுமா?

— …அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க.

— பயமா இருக்கு மேடம். சொல்லிட்டேன். அண்ணன்னா எனக்கு உயிரு. பொய்யில்ல. ஆனா கத்தி வெக்கறதை நெனச்சுக்கூடப் பார்க்க முடியல. அண்ணி தினமும் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுறாங்க. அவங்க மூஞ்சியைப் பார்த்து முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

— அதுக்குப் பட்டினி கெடக்கணுமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'பொருந்தவில்லை'ன்னு ஒரே வரி எழுதிக் குடுப்போம். ஏன்னு யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டோம். அண்ணன் கேட்டாலும் சரி, அண்ணி கேட்டாலும் சரி.

— எனக்கு மட்டுமா மேடம்?

— யாரா இருந்தாலும் இங்க அதுதான் வழக்கம்.

— அப்போ… எனக்கு முன்னாடி அண்ணனுக்கு ஈரல் குடுக்க எங்க அக்கா வந்தாங்களே, அவங்களுக்கும் அந்த ஒரே வரிதான குடுத்தீங்க?