அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள்

— நாலு வருஷம் கழிச்சு வர்றவன், ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா?

— பண்ணியிருந்தா 'வேலை இருக்கு, அப்புறம் பாக்கலாம்'னு சொல்லியிருப்ப. அதான் நேரா வந்து நின்னுட்டேன், முதலாளியம்மா.

— அப்படிக் கூப்பிடாதடா. எங்கப்பா கார் ஷெட்டுல நாம ரெண்டே ரெண்டு பேர் நடத்தின கம்பெனி. அதுக்கு ஒரு முதலாளி வேற கேடா. ஏய், பாத்து வா, வழுக்கும். காலைல இருந்து முட்டையா ஒடச்சுத் தள்ளியிருக்காங்க.

— யாரு?

— என் பசங்கதான். சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. அவங்க செஞ்ச இயந்திரக் கை, முட்டையை ஒடைக்காம தூக்கி அந்தக் கிண்ணத்துல வைக்கணும். இந்த வாரத்து வேலை அது.

— எந்தக் கையாவது வெச்சுதா?

— ஒண்ணு வெச்சுது. வெச்ச சந்தோஷத்துல கிண்ணத்தையே கவுத்துருச்சு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காரு.

— கீழ சைக்கிள் கடை, மேல ரோபோ வகுப்பு. ஒரு போர்டு கூட மாட்டலையே நீ. கடைக்காரர்கிட்ட வழி கேட்டேன். "டீச்சரம்மாவா, மேல போங்க. தலைக்கு மேல ஏதாவது பறந்து வந்தா குனிஞ்சுக்கோங்க"ன்னார்.

— ஒரே ஒரு தடவை ஒரு சக்கரம் ஜன்னல் வழியா போச்சு. மனுஷன் அதையே ஊர் பூரா சொல்லிட்டிருக்கார். சரி, விடு. எதுக்கு வந்த?

— அதாவது, ரெண்டு விஷயம்.

— 'அதாவது' வந்தாச்சா. அப்ப ஒரு விஷயம்தான் நெசம், இன்னொண்ணு சும்மா ஒப்புக்கு.

— நீ மாறவே இல்ல. கேளு. அடுத்த மாசம் என்னைக் கடல் தாண்டி அனுப்பறாங்க. அங்க புதுசா ஒரு தொழிற்சாலை. டிசைன் பூரா என் பொறுப்பு, கூட வேலை பாக்க ஆளை நானே எடுத்துக்கலாம். நீ வரணும். சாயங்கால ரயிலுக்கு நான் திரும்பறேன். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லு.

— நாலு வருஷம் யோசிச்சுட்டு வந்துட்டு, எனக்கு மட்டும் சாயங்காலம் வரைக்குமா. நல்ல நியாயம்டா. ரெண்டாவது என்ன?

— ஒரு டிராயிங். நம்ம கட்டில்.

— மெதுவாப் பேசு. கீழ காதுல விழுந்தா, கடைக்காரர் கதை கட்டிருவார்.

— படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிற கை. நாம ஷெட்டுல ஆரம்பிச்சது, கட்டிலோட சேந்த கைதானே அது. இப்ப அது மூணாவது மாடல். பரிசோதனைல திரும்பத் திரும்ப வேணாம்னு தள்ளிடறாங்க. இந்தா, லேப்டாப்ல பாரு.

— தள்ளு, நான் பாக்கறேன். தோள்... முழங்கை... அடேங்கப்பா, எடையை நல்லாக் குறைச்சிருக்க. மணிக்கட்டு அழகா இருக்கு. எதுக்குத் தள்ளினாங்க?

— அந்த முழங்கையைப் பெருசு பண்ணிப் பாரு.

— இந்தப் பக்கம் போல்ட்டு, அந்தப் பக்கம் நட்டு. சரி... அந்தப் பக்கம் நட்டை யாரு பிடிச்சுப்பாங்க?

— அதேதான். போல்ட்டை முறுக்கினா நட்டும் கூடவே சுத்தும். அந்தப் பக்கம் ஒருத்தர் ஸ்பானர் போட்டுப் பிடிக்கணும். எங்க கம்பெனில ஒரு இயந்திரக் கையை மாட்ட ஒரு ஆள்தான், அவர் கை அங்க எட்டாது. மாட்டறவர் என் மேஜைக்கே வந்துட்டார். "சார், இந்த மிஷினை மாட்டணும்னா நான் முதல்ல கல்யாணம் பண்ணிக்கணும் போலிருக்கே"ன்னு கேட்டார்.

— கேக்க மாட்டாரா பின்ன. ஆனா இவ்வளவு நாள் எப்படி ஓட்டின?

— என் பக்கத்துல ஒரு பெரியவர் இருந்தார். என் டிராயிங்கையெல்லாம் சத்தம் போடாம சரி பண்ணி அனுப்பிட்டிருந்திருக்கார். அவர் ஓய்வுல போனதும் குட்டு வெளிப்பட்டுருச்சு. பழசையெல்லாம் எடுத்துப் பாத்தேன். தோள், மணிக்கட்டு, சக்கரத்து மூடி, எதை எடுத்தாலும் இதே கதை. நான் வரைஞ்ச அத்தனைலயும் அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்குது.

— அந்த மணிக்கட்டையும் திருப்பிக் காட்டு.

— அது யாருன்னு நீ கேக்கலையே.

— நீ இடது கைக்காரன். எப்பவும் இந்தப் பக்கத்துல இருந்துதான் முறுக்குவ. அவ்வளவுதான் காரணம்.

— அது காரணம் இல்லன்னு உனக்குத் தெரியும். அந்த ஷெட்டு ஞாபகம் இருக்கா? உங்கப்பா காரை வெளிய நிறுத்த மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னார். காருக்கும் சுவத்துக்கும் நடுவுல மேஜை. ஒரு தடவை உள்ள போய் உக்காந்தா, சுத்தி வர வழி கிடையாது.

— டீ குடிக்கணும்னா நீ மேஜைக்கு அடியில தவழ்ந்து வெளிய போவ. எங்கம்மா அதைப் பாத்து, "அந்தப் பையனுக்கு இன்னும் ரெண்டு தோசை"ன்னு...

— தோசை இல்ல, ரொட்டி. பாதி கருகின ரொட்டி. உங்கம்மா கையால எது கொடுத்தாலும் கருகித்தான் இருக்கும்.

— அம்மா முன்னாடி சொல்லிப் பாரு. இன்னும் உன்னைக் கேக்கறாங்கடா. "அவன் ஒழுங்காத் தூங்கறானா"ன்னு என்னமோ நான் உன் பக்கத்து வீட்டுல இருக்கற மாதிரி கேக்கறாங்க.

— மூணு வருஷம். நான் முறுக்குவேன், நிமிந்து பாக்காமலே கையை நீட்டுவேன், நீ பிடிச்சிருப்ப. 'பிடி'ன்னு ஒரு நாள் கூட நான் சொன்னதில்லையே.

— சொல்லாமலே பிடிச்சதுதான் தப்பு. சரி, விடு.

— இங்கயும் அப்படித்தானே வெச்சிருக்க? ஒவ்வொரு மேஜைக்கும் எதிர் எதிரா ரெண்டு ஸ்டூல்.

— உக்கார வெப்பேன். ஆனா வாரா வாரம் ஜோடியை மாத்திருவேன். அந்தக் கரும்பலகைல பாரு, அழிச்சு அழிச்சு எழுதியிருக்கேன்ல.

— எதுக்கு?

— ஒருத்தர் கைக்கே பழகிடக் கூடாது. போன மாசம் ரெண்டு பொண்ணுங்க, அவ்வளவு ஒத்துமை. ஒருத்தி மனசுல நெனச்சதை இன்னொருத்தி எடுத்துக் கொடுக்கறா. நான் பிரிச்சு வெச்சேன். ரெண்டும் கண்ணைக் கசக்கிட்டு நிக்குது.

— நல்லா வேலை பாக்கறவங்களை ஏன் பிரிக்கற? இது என்ன கொடுமை?

— நல்லா வேலை பாத்தாங்க, அதனாலதான் பிரிச்சேன். எதிர்ல இருக்கற ஆள் திடீர்னு ஒரு நாள் இல்லாமப் போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

— சொல்லு. என்ன ஆச்சு?

— இப்ப எதுக்கு அது?

— நான் எழுதினப்பல்லாம் 'நல்லா இருக்கேன்'னு ரெண்டே வார்த்தைல முடிச்சுட்ட. இப்பவாவது சொல்லு.

— என்னத்தச் சொல்ல. நீ போனப்புறம் ஷெட்டுல உக்காந்து ஸ்பானரைக் கைல வெச்சுட்டு இருப்பேன். அந்தப் பக்கம் முறுக்க ஆள் இல்ல. எனக்கு முறுக்கவே தெரியாதுன்னு அப்பதான் புரிஞ்சுது. தெரியும்டா, கைக்குத் தெரியும், மனசுக்குத்தான் தெரியல. கம்பெனியை மூடினேன். ஒரு டிசைன் ஆபீஸ்ல சேந்தேன். வருஷம் பூரா பாட்டில் மூடி வரைஞ்சேன். உருண்டை மூடி, சப்பை மூடி, குழந்தைங்க தொறக்க முடியாத மூடி. நல்ல சம்பளம், நல்ல ஏசி. ஒருத்தர் போதும் அந்த வேலைக்கு.

— அப்புறம் எப்படி இது?

— எதிர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி ஒடஞ்ச பொம்மைக் காரைக் கொண்டு வந்தா. சரி பண்ணிக் கொடுன்னா. நீயே பண்ணு, நான் பிடிச்சுக்கறேன்னேன். அவ முறுக்கினா, நான் பிடிச்சேன். அன்னைக்கு எவ்வளவோ நாளுக்கு அப்புறம் பசிச்சு சாப்பிட்டேன். அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிட்டு வந்தா, அதுக்கு அடுத்த வாரம் தெருவே வந்துருச்சு. அம்மா கத்தினாங்கன்னு இங்க வாடகைக்கு எடுத்தேன். அவ்வளவுதான் என் சரித்திரம். மவுஸைக் கொடு.

— என்ன பண்ணப் போற?

— உன் முழங்கையைச் சரி பண்ணப் போறேன். இதோ பாரு. நட்டு உக்கார்ற இடத்துல, நட்டோட வடிவத்துலயே ஒரு பள்ளம். ஆறு பக்கம். நட்டை அதுல வெச்சு அழுத்திட்டா அது சுத்தாது. அப்புறம் இந்தப் பக்கத்துல இருந்து ஒரே ஆள் முறுக்கிக்கலாம். தோளுக்கும் இதேதான், மணிக்கட்டுக்கும் இதேதான். முடிஞ்சுது. இனிமே அந்தப் பக்கம் யாரும் நிக்க வேணாம்.

— இவ்வளவு சீக்கிரம் உன்னை நீயே அங்க இருந்து கழட்டி விட்டுட்டியே.

— வேலையைப் பாருடா. சேவ் பண்ணிக்கோ.

— பண்ண வேணாம். அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்.

— தெரியும்னா?

— காலேஜ் முதல் வருஷத்துலயே தெரியும். அந்தப் பெரியவர் போன அன்னைக்கே உக்காந்து எல்லாத்தையும் மாத்திரலாம்னு பாத்தேன். ஒண்ணு மாத்தினேன். அதாவது, மாத்தினதும் அந்தப் பக்கம் வெறிச்சுன்னு ஆயிருச்சு. மறுபடி பழையபடியே வெச்சுட்டேன். மேலதிகாரி கத்தினார், பரவால்லன்னு இருந்தேன். டிராயிங்ல கூட நீ இல்லாம என்னால இருக்க முடியல. இதைச் சொல்லத்தான் வந்தேன். தொழிற்சாலை, வேலை, அதெல்லாம் நீ சொன்ன மாதிரி ஒப்புக்குத்தான். என்கூட வா.

— உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். என் வகுப்புல இருக்கற வாண்டுக்கே அந்தப் பள்ளம் தெரியும்.

— அப்ப ஏன் வரைஞ்சு கொடுத்த?

— நீ வேற எதுவும் கேட்டுறக் கூடாதேன்னு பயந்துதான்.

— கேட்டுட்டேன். பதில் சொல்லு.

— வர முடியாதுடா.

— ஏன்? பசங்களா?

— பசங்கதான். அந்த ரெண்டு பொண்ணுங்க இன்னும் என்கூடப் பேசல. அந்தக் கிண்ணத்தைக் கவுத்த கை இன்னும் முட்டையைத் தூக்கல. இதையெல்லாம் நடுவுல விட்டுட்டு வந்தேன்னா, நானும் ஒரு பஸ் ஏறிப் போனவளாத்தான் இருப்பேன்.

— குத்திக் காட்டற.

— ஆமா. குத்தத்தான் செய்யறேன்.

— அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நீ என்ன பண்ணின? என் ஸ்பானரையெல்லாம் துடைச்சு, பையில அடுக்கி, கைல கொடுத்து, 'போய்ட்டு வா, நல்லா இரு'ன்ன. ஜன்னலோரம் உக்காந்து உன் மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறங்கியிருப்பேன்.

— நீ இறங்கிருவன்னு தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு நின்னேன். அவ்வளவு பெரிய கம்பெனி உன்னைத் தேடி வந்திருக்கு. உங்கக்கா கல்யாணம் வேற தலைக்கு மேல நின்னுச்சு. கையைப் பிடிச்சு இழுத்து வெச்சா, நாளைக்கு நீயே என்னைத் திட்டுவன்னு நெனச்சேன்.

— அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லையோன்னு நான் நெனச்சேன்.

— பஸ் திரும்பினதும் பின்னாலயே ஓடினேன்டா. மருந்துக் கடை வரைக்கும். செருப்பு அறுந்து போச்சு. அறுந்த செருப்பைக் கைல பிடிச்சுட்டு வீட்டுக்கு நடந்தேன். அம்மா, "என்னடி செருப்பு"ன்னாங்க. "கல்லு தடுக்கிருச்சு"ன்னேன்.

— இதை ஏன் அன்னைக்கே...

— சொல்லல. அப்படியே பழகிருச்சு. இப்ப நல்லா வர்ற பசங்களையெல்லாம் பெரிய இடமாப் பாத்து நானே அனுப்பி வெக்கறேன். அன்னைக்கு ஒருத்தி கிளம்பும்போது, "போகட்டுமா மிஸ், இருக்கட்டுமா"ன்னு கேட்டா. 'போ'ன்னேன். யாரையும் இருன்னு சொன்னதில்ல. சொல்லக் கூடாது. டீச்சரோட வேலை அதுதான்.

— உன் இஷ்டம். மாடிப்படில சத்தம் கேக்குது, பசங்க வந்துட்டாங்க போல. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு. நான் கிளம்பறேன்.

— பையைக் கீழ வை.

— ரயிலுக்கு நேரமாச்சு.

— கீழ வைன்னு சொல்றேன்ல. அவங்களுக்குத்தான் நான் டீச்சர். உனக்கு நான் டீச்சர் இல்லடா. போகாத, இங்கயே இரு.