எல்லோரும் சேர்ந்து கொட்டிய மணல்

குழந்தைகள் விளையாட மணல் வாங்கும்போது பலரும் ஏமாந்துபோகிறார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். அதில் கோட்டை கட்டினால் நிற்காது. கொஞ்சம் பொடி கலந்து, ஈரம் பிடிக்கிற மணலாக இருக்க வேண்டும். எங்கள் மணல்தொட்டிக்கு அப்படித் தேடி எடுத்தவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் டோர்குன். நார்வேயில், பெர்கன் நகரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் தலைவி. பின்புறத்துப் புல்வெளி எல்லோருக்கும் பொது. அங்கே படகு வடிவத்தில் ஒரு மணல்தொட்டி கட்டத் திட்டம் போட்டேன். பாய்மரத்தில் கப்பி, அதில் வாளி. மழைத்தண்ணீர் ஓட மரக்கால்வாய்; எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. பின்முனையில் மட்டும், அங்கிருந்த மரத்தை ஒட்டி, ஆழமான குழி, குழந்தைகள் ஆசை தீரத் தோண்டட்டும் என்று. இப்படி யோசிக்க வேறு யாருக்காவது தோன்றியதா?

கீழ்வீட்டு ஓட்வாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. தனிக்கட்டை. டுக்னாட் அன்று, குடியிருப்பே திரண்டு கூலியில்லாமல் பொதுவேலை செய்யும் நாளில்கூட, எட்டிப் பார்க்க மாட்டார். டுக்னாடுக்கு வராதவரை எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள்.

டுக்னாடுக்கு முந்தைய சாயங்காலம் குழியை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்தார்.

"மரத்தோட வேரையே வெட்டிட்டீங்க டோர்குன். திங்கக்கிழமை நகராட்சியில சொல்லப்போறேன். இதைப் பிரிச்சுத்தான் ஆகணும்."

"குழந்தைங்களுக்காகத்தானே ஓட்வார்?"

"குழந்தைங்களுக்கா?" சிரித்தார். "குழியே இன்னும் ரொம்பல. அதுக்குள்ள படகுமேல உங்க பேரைச் செதுக்கியாச்சு."

கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே அடிதான். குழிக்குள் விழுந்தார். அடியில் பரப்ப வைத்திருந்த ஜல்லியைப் போட்டுக் கழுத்துவரை மூடினேன். முகத்தின்மேல் கல் போட மனம் வரவில்லை. மண்ணோடு மணல் கலக்காமலிருக்க விரிக்கும் தடித்த துணியை மட்டும் இழுத்துவிட்டேன். என்னை ஈவிரக்கமில்லாதவள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இதை அவர்கள் எழுதவில்லை.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். காபி, வாஃபிள், பழுப்புச் சீஸ். ஒரே கலகலப்பு.

"ஓட்வார் எங்க? வழக்கம்போலக் கம்பி நீட்டிட்டாரா?" என்றாள் மேல்வீட்டு உன்னி.

"அவரா? மலைக்குடிலுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பாரு," என்றார் ஹால்கைர்.

"மனுஷன் படுத்தே காலத்த ஓட்டிருவாரு போ," என்றாள் உன்னி.

நானும் சிரித்தேன். அப்போதுதான் குழியில் துணி அசைந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று காற்று இல்லை. துணி லேசாக மேலெழுந்தது, படிந்தது, மறுபடி எழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அந்த முனையிலிருந்து ஆரம்பிங்க. மழை வர்றதுக்குள்ள முடிச்சிரணும்," என்றேன்.

ஹால்கைர்தான் முதல் மணல்வண்டியைக் கவிழ்த்தார். பிறகு உன்னி. பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும். என் பங்குக்கு நானும் கொட்டினேன், மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. கொலை கொலை என்கிறீர்கள். அன்று காலை அவரைத் திட்டாமல் மண்வெட்டி எடுத்தவர் ஒருவரைக் காட்டுங்கள்.

அந்தக் கோடை முழுவதும் யாரும் அவரைத் தேடவில்லை. ஒருவர் சொல்லாமல் மலைக்குப் போனால் பின்னாலேயே விசாரிப்பது எங்களுக்கு நாகரிகமில்லை. நல்ல பழக்கம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

உன்னியின் மகள் இல்வாவுக்கு ஐந்து வயது. பின்முனைக் குழி அவளுடைய ராஜ்யம். ஒருநாள் தாயிடம் போகாமல் நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

"டோர்குன், உள்ள யாரோ இருக்காங்க. கை தெரியுது."

"தூங்குறாரு கண்ணு. குளிருமில்ல? போர்த்திவிடுவோம் வா."

இருவருமாக மூடினோம். சின்ன மண்வாரியால் அவள் தட்டித்தட்டிச் சமன்செய்த அழகைப் பார்க்க வேண்டும். யாரிடமாவது சொன்னால் அவர் விழித்துக்கொள்வார் என்றேன். அதன்பின் மாலை வீட்டுக்குப் போகுமுன் மணலைத் தடவி அவருக்கு நல்லிரவு சொல்லிவிட்டுத்தான் போவாள். ஒருநாள் அதை உன்னி கேட்டுவிட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆம், நான்தான் கொன்றேன். அடித்தபோது இல்லை, துணி அசைந்ததைப் பார்த்து வாய்மூடி நின்றபோது. அதற்காக நான் தலைகுனியப் போவதில்லை. என் கோபமெல்லாம் உங்கள் போலீஸ் ஆட்கள்மேல்தான். தோண்டும் யந்திரத்தைக் கொண்டுவந்து, குழந்தைகள் கண்ணெதிரிலேயே படகைப் பிளந்துபோட்டார்கள்.

இல்வா இப்போது தூங்குவதே இல்லையாம். கண்ணை மூடினால் தன்மேல் மணலைக் கொட்டிவிடுவார்கள் என்று அலறுகிறாளாம். என்னோடு இருந்தவரை அந்தக் குழந்தை ஒருநாள்கூடப் பயந்ததில்லை. அவளிடம் போய்க் கேளுங்கள், நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று.