உப்பு வாசலைத் திறந்தது யார்?

— போன ஞாயித்துக்கிழமை, பதினேழாம் தேதி, காலைல பத்து மணிக்கு, இதே நூலகத்தோட கீழ்த்தளத்துல, நீள மேஜையைச் சுத்தி பதினொரு பேர் உக்காந்திருந்தோம். எல்லாரும் நீங்க படிச்சுப் பதிவு பண்ணின ரெண்டாம் பாகத்தைக் கேட்டு முடிச்சவங்க. அதுல ஏழு பேர் அழுதாங்க.

— நெஜமாவா ஆபரேட்டர்?

— எண்ணிச் சொல்றேன் அக்கா. கண்ணு தெரியாதவங்க கூட்டத்துல யாரு மூக்கை உறிஞ்சறாங்கன்னு மறைக்கவே முடியாது.

— சவுண்டு அண்ணே, கேட்டீங்களா? ஏழு பேராம்!

— கேட்டேம்மா. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு வேற என்ன பண்றது. நான் ஒலிப்பதிவு பண்றவன், கதை நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்ல எனக்கெதுக்கு வம்பு.

— எழுதினவர் எங்கயோ இருக்கார், படிச்சவ நான்தானே. பாராட்டுல பாதி எனக்கு. ஆபரேட்டர், ஒண்ணு விடாம சொல்லுங்க. அடுத்த மாசம் மூணாவது பாகம் வருது. உங்க கருத்தை வெச்சுத்தான் யாரு குரல்னு ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க. ரெண்டு வருஷமா அதுக்காகவே ஐஸ் தண்ணியைத் தொடாம இருக்கேன். வேலை பாக்கற மருந்துக் கடையில கூடக் கத்திப் பேசறதில்ல.

— லைன்ல இருங்க. ஆஸ்பத்திரி போன்ல சொல்லிச் சொல்லி இதே வாயில வருது. பிரெய்ல்ல குறிச்சு வெச்சிருக்கேன், விரல் தேடணும்... ஆங். பியானோ சுருதி சேக்கறவர் சொன்னது. "முதல் தொண்ணூறு பக்கம் தலையும் புரியல, வாலும் புரியல. நாலு ராஜ்ஜியம், நாப்பது பேர், அதுல மூணு பேருக்கு ஒரே அப்பன். ரெண்டு தடவை நிறுத்திட்டேன். மூணாவது தடவை கேட்டப்ப அடுப்புல பால் பொங்கி, வத்தி, பாத்திரம் கருகினதுகூட என் மூக்குக்கு எட்டல."

— அது போதுமே! அப்புறம்?

— பிசியோதெரபி அம்மா. "ஜெயிக்கற ஒவ்வொரு போருக்கும் ராணி தன் ஆளுங்கள்ல ஒருத்தரை மறந்துபோவான்னு சாபம். முதல் பாகத்துல அது சும்மா ஒரு சுவாரசியம்னு நினைச்சேன். இதுல பெத்த மகன் எதிர்ல வந்து நிக்கறான், 'யாருப்பா நீ, தண்ணி வேணுமா?'ங்கறா. அதை அக்கா படிச்ச விதம் இருக்கே! வேற யாரு படிச்சிருந்தாலும் அது வெறும் தண்ணி."

— அட போங்க.

— நான் என்ன சொந்தச் சரக்கா விடறேன்? எழுதியிருக்கறதைப் படிக்கறேன்.

— திட்டினவங்க யாரும் இல்லையா?

— சட்டக் கல்லூரிப் பொண்ணு. "இவ்வளவு இருட்டு எதுக்கு?"ன்னா. அதுக்கு சுருதிக்காரர், "இருட்டைப் பத்தி நம்மகிட்ட வந்து புகார் சொல்றியேம்மா"ன்னார். அஞ்சு நிமிஷம் ஆச்சு சிரிப்பு அடங்க. ஆனா கடைசியில அவளே ஒத்துக்கிட்டா. பொய் சொல்லாத கதைன்னா. கெட்டவன் ஏன் கெட்டான்னு பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டுதுன்னா.

— சண்டை வரலையா? இந்தக் கதைக்குச் சண்டை வராம இருக்காதே.

— வந்துச்சு. உப்பு வாசலைத் திறந்தது யாருன்னு.

— அண்ணே, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்களேன்.

— பதிவு ஓடலைன்னா தாராளமா போட்டுக்குங்க. எனக்கென்ன.

— கோட்டை விழுந்ததே அந்த ஒரு வாசலை உள்ளேருந்து எவனோ திறந்ததாலதான். ஆனா திறந்தவன் யாருன்னு கதையில இல்லவே இல்ல. "எவனோ ஒருத்தன்"னு அஞ்சு இடத்துல வருது, அவ்வளவுதான். அதுக்கு ஒரு மணி நேரம் அடிதடி. சுருதிக்காரர், ராணியோட தம்பிதான்னு சத்தியமே பண்ணிட்டார். அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? யாருன்னு சொல்லாம விட்டதுலதான் எழுத்தாளரோட மேதைமையே இருக்காம்.

— அப்படியா சொன்னா?

— "கேக்கறவங்களை நம்பி ஒரு ஓட்டையை விட்டிருக்கார்"னா. கைதட்டினாங்க.

— இருக்கும் இருக்கும். மூணாவது பாகத்துல சொல்வாரா இருக்கும்.

— நீங்க என்னக்கா நினைக்கறீங்க?

— நான் படிக்கறவ ஆபரேட்டர். நினைக்கறது என் வேலை இல்ல.

— வாசல்லயே இருந்தானே காதுக்காரன், அவன் என்ன ஆனான்?

— செத்திருப்பான். பாதி ஊரே செத்துச்சு, ஒருத்தன் விட்டுப்போறது சகஜம்தானே.

— கண்ணு தெரியாத காவல்காரன் அக்கா அவன். முதல் பாகத்துல செருப்புச் சத்தத்தை வெச்சே வேவுகாரனைப் பிடிச்சான். எங்க பதினொரு பேருக்கும் அவன்னா உயிர். இந்த எழுத்தாளர் ஒரு குதிரை செத்தாக்கூட அதோட பேரைச் சொல்லி ரெண்டு வரி எழுதறவர். காதுக்காரனை மறந்துட்டாருங்கறீங்க?

— நாப்பது பேர்ல ஒருத்தர்...

— லைன்ல இருங்க. ஒவ்வொரு பக்கமும் ஆரம்பிக்கறப்ப அந்தப் பக்கத்தோட எண்ணைச் சொல்லுவீங்கல்ல? பரிட்சைக்குப் படிக்கறவங்களுக்கு வேணும்னு எல்லாப் புத்தகத்துக்கும் வெச்ச வழக்கம். முப்பதாம் அத்தியாயத்துல கடைசியா "பக்கம் நானூத்திப் பதினொண்ணு"ன்னீங்க. அதுக்கடுத்து "பக்கம் நானூத்தி இருபது"ன்னீங்க.

— அது...

— அத்தியாய எண்ணை மட்டும் சாமர்த்தியமா விட்டுட்டீங்க. சவுண்டு அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.

— எனக்கெதுக்கு வம்பு சார். நான் அன்னிக்கே கேட்டேன். நடுவுல எல்லாம் படம்ணேன்னாங்க. எட்டுப் பக்கமும் படமாம்மா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், பக்க எண்ணை மறைக்க முடியுமா?

— பன்னெண்டு வருஷப் பழக்கம்ணே. கண்ணு பாத்ததை வாய் சொல்லிருச்சு. வீட்டுக்குப் போய்ச் சேந்த பிறகுதான் எனக்கே உறைச்சுது.

— எட்டுப் பக்கத்துல என்னக்கா இருக்கு?

— காதுக்காரன்தான் திறந்தான்.

— யாரு?

— காதுக்காரன். முப்பத்தோராம் அத்தியாயம் முழுக்க அவன்தான். தன் கையால தாழ்ப்பாளைத் தூக்கி எதிரிப்படையை உள்ள விடறான். கடைக்கு லீவு போட்டுட்டு வந்து உக்காந்தேன் அன்னிக்கு, முதல் வரிக்கே நாக்கு எழும்பல. முதல் பாகம் முடிஞ்சப்ப நீங்க எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க? "எங்க ஆளு ஒருத்தனை பரிதாபமாக் காட்டாம வீரனாக் காட்டின கதை"ன்னு. சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சீங்க. அந்தக் காதுலயே இதையும் படிக்கறதா? ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருந்துச்சு எனக்கு. விட்டுட்டேன். பின்னாடி அவன் பேரு வந்த அஞ்சு இடத்தையும் "எவனோ ஒருத்தன்"னு மாத்திட்டேன்.

— அப்ப அந்தப் பொண்ணு மேதைன்னது உங்களைத்தான்.

— கிண்டல் பண்ணாதீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...

— எங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இருக்கார். எனக்குத் தலைவலின்னு போனா, கூட வந்த என் தம்பியைப் பாத்து, "இவருக்கு ராத்திரி தூக்கம் வருதா?"ன்னு கேப்பார். நான் அங்கதான் நிப்பேன்.

— அப்படி இல்ல ஆபரேட்டர், நான் போய் அப்படி...

— பல்லைக் கடிக்கலக்கா, பொறாமைதான் படறேன். பதினொரு பேர் மண்டையை உடைச்சுக்கிட்டோம், பதில் உங்க மடியில இருந்திருக்கு. கண்ணுள்ளவங்களுக்குக் கதையில ராஜா, திருடன், கோமாளி, கொலைகாரன்னு ஊர்ப்பட்ட ஆளு. எங்களுக்கு ஒண்ணு பிச்சைக்காரன், இல்லாட்டி ஞானி. கடைசியா ஒரு புண்ணியவான் எங்களுக்குன்னு ஒரு முழு வில்லனைக் குடுத்திருக்கார். அவனையும் புடுங்கி வெச்சுக்கிட்டீங்களே!

— சிரிக்கறீங்களா இப்ப?

— பின்னே? படிங்க. பதிவு போட்டே படிங்க.

— இப்பவேவா?

— சவுண்டு அண்ணே, ஃபேனை அணைங்க.

— அணைச்சாச்சு. அம்மா, நாற்காலியை ஆட்டாதீங்க, கிறீச்சுங்கும். சார், கோலை மடியில படுக்க வெச்சுக்குங்க, விழுந்தா காது கிழிஞ்சிரும். ம், ஆரம்பிக்கலாம்.

— பக்கம் நானூத்திப் பன்னெண்டு. முப்பத்தோராம் அத்தியாயம். "முப்பது ஆண்டுகளில், 'பாவம்' என்று சொல்லாமல் அந்த வாசலைக் கடந்தவர் ஒருவரும் இல்லை..."

— ஏம்மா நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்லண்ணே. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். மறுபடி போடுங்க.

— ஓடுது.

— "முப்பது ஆண்டுகளில், 'பாவம்' என்று சொல்லாமல் அந்த வாசலைக் கடந்தவர் ஒருவரும் இல்லை. சொல்லியவர்களின் காலடிகளை அவன் எண்ணினான். யாருக்கு முழங்கால் வலி, யார் திருடிவிட்டுப் போகிறார், எவள் அழுதுவிட்டு வருகிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனைப் பற்றி ஊருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அன்று நண்பகலில் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டது. பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் கேட்டிராத கேள்வி. கேட்டவன் எதிரி." பக்கம் நானூத்திப் பதிமூணு...

— இருபத்தாறு நிமிஷம். எட்டுப் பக்கமும் முடிஞ்சுது. ஒரு இடம் வெட்ட வேண்டாம். பன்னெண்டு வருஷமா உங்க குரலைப் பிடிக்கறேன், இப்படி ஒரு படிப்பை நான் கேட்டதில்லம்மா. வம்பு வந்தாலும் வரட்டும்னுதான் சொல்றேன்.

— ஆபரேட்டர், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

— அவன் தாழ்ப்பாளைத் தூக்கற இடத்துல நீங்க அவனுக்காக உருகல.

— உருகியிருக்கணுமா?

— உருகவே கூடாது. கெட்டவனைக் கெட்டவனாவே விட்டீங்க. ரத்தம் ஜில்லுனு ஆகிப்போச்சு. இந்த எழுத்தாளருக்குன்னு ஒரு குரல் இருந்தா அது உங்களோடதுதான், யாரு வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

— அப்ப ஒண்ணு பண்றேன். அந்த அஞ்சு இடத்தையும் நாளைக்கே வந்து திருத்திடறேன். அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம் மூணாவது பாகத்தை ஒரு எழுத்து பிசகாம ஆரம்பிச்சுடலாம். என்ன?

— ஆபீஸ்ல ஒரு கடுதாசி குடுத்திருக்கோம் அக்கா.

— என்ன கடுதாசி?

— ரெண்டு வரிதான். "ரெண்டாம் பாகத்துல விட்டுப்போன எட்டுப் பக்கத்தையும் இதே குரல்ல பதிவு பண்ணிக் குடுங்க. மூணாவது பாகத்துக்கு, இருக்கறதை இருக்கறபடி படிக்கற வேற ஒருத்தரைப் போடுங்க."

— எப்ப குடுத்தீங்க?

— ஞாயித்துக்கிழமை. சண்டைக்கு நடுவுல பக்க எண் தாவினது பிடிபட்டுச்சு, கூட்டம் முடிஞ்ச கையோட குடுத்தோம்.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேல ஏறி வந்தீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருந்தா எனக்காகப் படிச்சிருப்பீங்க. அவனுக்காகப் படிச்சிருக்க மாட்டீங்க.

— பதினொரு பேருமா கேட்டீங்க?

— ஒம்போது பேர். முதல் கையெழுத்து என்னோடது.