ரெண்டு நிஜம்

— பதினோரு வருஷமா கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு இந்தக் கோர்ட்டுல நிக்கிறேன். என் கட்சிக்காரியே எழுந்து நின்னு என் கேஸைப் போட்டு உடைச்சதை இன்னிக்குத்தான் பாத்தேன். செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?

— தோணுச்சு மேடம். கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்கன்னும் தோணுச்சு.

— சொல்லத்தான் செய்வேன்! அதுக்குத்தானே வக்கீல் வச்சிருக்கே? இப்படி ஜன்னல் பக்கம் வா. உன் புருஷனோட வக்கீல் படிக்கட்டுல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறான். இப்பச் சொல்லு. "அப்பா என்னைக் கன்னத்துல அறைஞ்சாரு, ரெண்டு தடவை"ன்னு உன் பொண்ணு சொன்னதா மனுவுல எழுதினப்போ, இது நிஜந்தானான்னு உன்கிட்ட கேட்டேனா இல்லையா?

— கேட்டீங்க.

— நீ என்ன சொன்னே?

— நிஜம்னு சொன்னேன்.

— இன்னிக்கு ஜட்ஜம்மா முன்னாடி என்ன சொன்னே?

— நான்தான் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர் அவ மேல கை வச்சதே இல்லைன்னு சொன்னேன். அதுதான் மேடம் நிஜம்.

— நல்லா இருக்கு. ரெண்டு நிஜம் வச்சிருக்கிறவளுக்கு நான் எதைப் பிடிச்சும்மா வாதாடுறது?

— கோபப்படாதீங்க மேடம். பொண்ணு தனக்குத்தான் வேணும்னு அவர் கேஸ் போட்டப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் லேப்ல ரத்தம் எடுக்கிறவ. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. அவருக்குச் சொந்தமா மெத்தைக் கடை, வீட்டுல அவரோட அக்கா. ஜட்ஜ் அவர் பக்கம்தான் சாய்வாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

— பயந்தே, சொன்னே, சரி. அதனால எட்டு மாசம் அவர் பொண்ணைப் பாக்கக் கூடாதுன்னு தடையும் வாங்கினோம். ஜெயிச்சுக்கிட்டிருந்தோமே! நடுவுல என்ன வந்துச்சு உனக்கு?

— நீங்க ஜெயிச்சோம்னு சொல்றீங்க. பொண்ணைப் பாத்தீங்களா? நகத்தைக் கடிச்சே தீர்த்துட்டா. நாலாங்கிளாஸ் படிக்கிறவ படுக்கையை நனைக்கிறா மேடம். ஏன்டி கண்ணுன்னு கேட்டா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா. நான் சொல்லச் சொன்ன பொய்தான் அவ வயித்துல கிடந்து அறுக்குதுன்னு எனக்குத் தெரியாதா? லேப்ல தினமும் இருபது குழந்தைங்ககிட்ட வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லித்தான் ஊசி குத்துறேன். அந்தப் பொய் ஒரு நிமிஷம். இது எட்டு மாசம்.

— அதுக்கு என்கிட்ட வந்திருக்கலாம். பக்குவமா, பட்டும் படாம, சமாதானமாப் போறோம்னு வாபஸ் வாங்கியிருப்பேன். நீ போட்டு உடைச்சதுல என்ன ஆச்சுன்னு தெரியுமா? உத்தரவுல என்ன எழுத வச்சாங்கன்னு காதுல விழுந்துதா?

— சரியாக் கேக்கல. காது அடைச்ச மாதிரி இருந்துச்சு.

— "தாய் சொல்லிக்கொடுத்ததைப் பேசும் குழந்தை." அது பதிவாயிடுச்சு. நாளையிலருந்து சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பொண்ணு அவர்கிட்ட. ராத்திரி தங்கலோட. கூட ஒரு ஆள் இருக்கணும்னு ஜட்ஜம்மாவைக் கேட்டுப் பாத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்லுவேன்? அடுத்த வாய்தாவுல பொண்ணு மொத்தமா யார்கிட்டங்கிறதையே முடிவு பண்ணிடுவாங்க. ஜீவனாம்சம்னு இனிமே நான் வாயைத் திறக்க முடியாது.

— பரவாயில்ல மேடம். அவர் என்கிட்ட வந்து தேங்க்ஸ்னு சொன்னாரு. ஒரே ஒரு வார்த்தை. கண்ணு கலங்கியிருந்துச்சு. எட்டு மாசமா இழுத்துப் பிடிச்ச மூச்சை இப்பத்தான் விட்ட மாதிரி இருக்கு எனக்கு.

— நீ மூச்சு விட்டாச்சு. எனக்கு மூச்சு முட்டுது. போ, போய்ப் பொண்ணைக் கூட்டிக்கோ. குழந்தைங்க ரூம்ல எவ்வளவு நேரம் தனியா உக்காந்திருக்கும்?

*

— என்ன வரைஞ்சே குட்டி?

— யானை.

— யானைக்கு எதுக்குடி அஞ்சு காலு?

— அது வாலும்மா. பெரிசா வந்துடுச்சு. ரப்பர் அங்க இருந்த ஒரு பையன்கிட்ட இருந்துச்சு, தரவே மாட்டேன்னுட்டான். முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாமா?

— போலாம். பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இப்படி பெஞ்சுல உக்காரு. பன்னு வாங்கியிருக்கேன், சாப்பிடு.

— ஏன் சிரிக்கிறே?

— அம்மா சிரிக்கக் கூடாதா?

— சிரிக்கலாம். கோர்ட்டுக்கு வந்தா நீ சிரிக்க மாட்டியே.

— இன்னிக்கு நல்ல விஷயம் நடந்திருக்கு. அப்பா நாளைக்கு வருவாரு. சனி, ஞாயிறு ரெண்டு நாள் நீ அப்பாகூட இருக்கப் போறே.

— வீட்டுலயா, கடையிலயா?

— இது என்ன கேள்வி? அவர் எங்க இருக்காரோ அங்க.

— சனிக்கிழமை கடை உண்டும்மா. ஞாயித்துக்கிழமையும் பாதி நாள் உண்டு.

— இருந்தா என்ன? மெத்தை மேல குதிச்சு விளையாடு. சின்ன வயசுல குதிப்பியே, ஞாபகமில்ல? இங்க பாரு, பன்னைப் பிய்ச்சுக் கீழ போடாதே. அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்டா கண்ணு.

— என்கிட்டயா?

— உன்கிட்டதான். ஜட்ஜம்மாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னேன்ல, போன தடவை? அது பொய்தான்னு இன்னிக்கு நானே அவங்ககிட்ட சொல்லிட்டேன். உன்மேல தப்பே இல்ல, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுன்னு சொல்லிட்டேன். இனிமே நீ அதைப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

— எது பொய்?

— அப்பா உன்னை அடிச்சாருன்னு சொன்னது.

— ஓ, அதுவா. அது பொய்தான். அப்பா அடிக்கல.

— ஆமா. அதான் சொல்லிட்டேன்.

— அப்போ மத்தது?

— எது மத்தது?

— மெத்தை ரூமு.

— என்ன மெத்தை ரூமு?

— கடைக்குப் பின்னாடி இருக்கே. மெத்தையெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்களே.

— குடோனா? அங்க என்ன?

— அதையும் ஜட்ஜம்மாகிட்ட சொல்லிட்டியா?

— குட்டி, இங்க பாரு. என் முகத்தைப் பாரு. அங்க என்ன நடந்துச்சு?

— உனக்குத்தான் தெரியுமே.

— எனக்குத் தெரியாது. சொல்லு.

— ஞாயித்துக்கிழமை போவேன்ல, முன்னாடி. அம்மாகிட்ட போணும்னு அழுதேன்னா அப்பா என்னை அங்க விட்டுப் பூட்டிடுவாரு. லைட்டு சுவிட்சு வெளியதான் இருக்கு. அழுகை நின்னா உடனே திறப்பேன்னு சொல்லுவாரு.

— ஐயோ.

— நான் நிறுத்திட்டேன்மா. சத்தியமா நிறுத்திட்டேன். ஆனா மெத்தைக்கு நடுவுல இருந்தா சத்தம் வெளிய கேக்காது. அதனால நான் நிறுத்தினது அவருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கழிச்சு வருவாரு. ஒரு தடவை மறந்தே போயிட்டாரு. கடையில வேலை செய்யற அண்ணன்தான் மெத்தை எடுக்க வந்து திறந்தாரு.

— எத்தனை தடவை?

— நாலு. இல்ல, அஞ்சு. அத்தைக்குக் காய்ச்சல்னு போன வாரம் ஒண்ணு இருந்துச்சே, அதையும் சேத்தா அஞ்சு.

— போன வாரமா? போன வாரம் எப்படிடி?

— அட, போன வாரம் இல்லம்மா, போன வருஷம். நீ தோளைப் பிடிச்சு ஆட்டினா எனக்கு மாறிப் போகுது.

— ஆட்டல, ஆட்டல. அம்மா ஆட்டல. ஏன்டா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— உன்கிட்ட சொன்னா கோர்ட்டுல என்னை உன்கிட்டயும் இல்லாம, அப்பாகிட்டயும் இல்லாம ஹாஸ்டல்ல போட்டுடுவாங்கன்னு அப்பா சொன்னாரு. அதான் சொல்லல. அப்புறம் நீயே ஒருநாள் வந்து, ஜட்ஜம்மாகிட்ட அப்பா அடிச்சாருன்னு சொல்லுன்னு சொன்னே. சரி, அம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். நான் ஹாஸ்டலுக்குப் போகாம இருக்கத்தான் நீ ரூமைச் சொல்லாம அடிச்சாருன்னு மாத்திச் சொல்லச் சொல்றேன்னு நினைச்சேன்.

— கடவுளே.

— பஸ் வந்துடுச்சும்மா.

— போகட்டும். விடு. அந்தப் பையைக் குடு, போன் அதுக்குள்ள இருக்கு.

*

— சொல்லும்மா. இன்னும் ஏதாவது உடைக்கிறதுக்கு பாக்கி வச்சிருக்கியா?

— மேடம், மேடம், அவர் பொண்ணைக் குடோன்ல வச்சுப் பூட்டியிருக்காரு. இருட்டுல. அஞ்சு தடவை. இப்பத்தான் சொன்னா. அந்த உத்தரவை உடனே நிறுத்தணும். நாங்க பஸ் ஸ்டாப்புலதான் இருக்கோம், இப்படியே ஜட்ஜம்மாகிட்ட போயிடலாம்.

— ஜட்ஜம்மா கிளம்பியாச்சு. இனி திங்கக்கிழமைதான். இரு, இரு. மத்தியானம் "அவர் தொட்டதே இல்ல"ன்னு சொன்னே. சாயங்காலம் "பூட்டினாரு"ன்னு சொல்றே. நாளைக்குப் பொண்ணை அனுப்பணும்னதும் மனசு மாறிடுச்சா?

— இல்ல மேடம். இது அவளே சொன்னா. நான் கேக்கக்கூட இல்ல.

— அன்னிக்கும் இதையேதான் சொன்னே. "அவளே சொன்னா மேடம்." இதே குரல்ல.

— நீங்களே நம்பலையா?

— நான் நம்புறதா பெரிசு? சரி, கேக்குறே, சொல்லிடறேன். நம்பல. போதுமா? மத்தியானம் வரைக்கும் நம்பியிருப்பேன்.

— கடையில ஒரு பையன் கதவைத் திறந்து விட்டிருக்கான் மேடம். அவனைக் கேக்கலாமே.

— அவர் குடுக்கிற சம்பளத்துல சாப்பிடுறவன். கோர்ட்டுக்கு வந்து சொல்லுவானா? சரி, கேட்டுப் பாக்கலாம். ஆனா நாளைக்குப் பொண்ணை அனுப்பலைன்னா அது கோர்ட் அவமதிப்பு. அதை வச்சே பொண்ணை மொத்தமா அவர்கிட்ட குடுத்துடுவாங்க.

— குடுக்கட்டும், பிடுங்கட்டும், என்னை உள்ள தள்ளட்டும். அந்த ரூமுக்கு நான் அனுப்ப மாட்டேன்.

— அழாதே. அழாம கேளு. அவர் எத்தனை மணிக்கு வருவாரு?

— பத்துக்கு.

— எட்டு மணிக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு என் ஆபீஸுக்கு வா. உன்னை வெளிய உக்கார வச்சுட்டு நானே அவகிட்ட பேசுறேன். எனக்கு அது நிஜம்னு பட்டுச்சுன்னா குழந்தைகள் நலக் குழுவுல இருந்து ஒருத்தரை வரவழைக்கிறேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன், அதுவரைக்கும் அவகிட்ட இதைப் பத்தி நீ மூச்சு விடக் கூடாது. இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு ஒரு எழுத்துகூட. கேக்குதா?

— கேக்குது மேடம்.

*

— வக்கீல் ஆன்ட்டி திட்டினாங்களா?

— இல்லடா. நாளைக்குக் காலையில அவங்ககிட்ட போறோம். நீ என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லணும். அவ்வளவுதான்.

— அப்பாகூடப் போக வேண்டாமா?

— வேண்டாம்.

— போலீஸ் வந்தா?

— வரட்டும். நான் வாசல்ல உக்காந்துக்கிறேன். பன்னைச் சாப்பிடு.

— அம்மா, ஜட்ஜம்மா மாதிரியே ஆன்ட்டியும் கேப்பாங்களா, இதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தாங்களான்னு?

— கேப்பாங்க.

— போன தடவை இல்லைன்னு சொல்லச் சொன்னே, சொன்னேன்.

— இப்பவும் இல்லைன்னே சொல்லு. இப்ப அது நிஜம்தானே?

— நிஜம்தான். ஆனா போன தடவை, தலையைக் குனிஞ்சுக்கோ, மெதுவாப் பேசு, நடுவுல கொஞ்சம் நிறுத்துன்னு சொல்லிக்கொடுத்தேல்ல? நிஜத்தைச் சொல்றப்போ முகத்தை எப்படிம்மா வச்சுக்கணும்?